மருந்து போட்டாச்சு

எங்கள் தெருக்கோடியில் வண்டி கழுவும் ஷெட் வைத்திருக்கிறவனுக்கு மழை என்று பெயர் வைத்தது யார் என்று எனக்குத் தெரியாது. நான் இங்கே கடை போட வந்தபோதே அவன் மழைதான். காலையில் தண்ணீர் பீய்ச்சுகிற கன்னைக் கையில் எடுத்தால் பொழுது சாய்கிறவரை சொட்டச் சொட்ட நனைந்து நிற்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது. வானம் இருட்டிக்கொண்டு வந்தால், இன்றைக்கு மழைக்கு வேலை இல்லை என்று நாங்கள் கிண்டல் செய்வோம். நிஜ மழை பெய்கிற நாளில் எவன் வண்டி கழுவ வருவான். அந்த நாட்களில் அவன் என் கடைக்கு வந்து ரெக்சின் சுருள்மேல் உட்கார்ந்துகொண்டு என் தலையைத் தின்பான்.

கார், வேன், லாரிகளுக்கு சீட் கவர் தைப்பது என் தொழில். அவனிடம் கழுவ வருகிறவன் வண்டி காய்கிறவரை சும்மா நிற்காமல் என் கடையில் எட்டிப் பார்ப்பான். என்னிடம் சீட் மாற்ற வருகிறவன், வந்ததுதான் வந்தோம் என்று அவனிடம் கழுவிக்கொண்டு போவான். வீடும் அப்படியே. ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் கட்டடத்தில் கீழே அவர்கள், மேலே நானும் என் வீட்டுக்காரியும். கீழே யாராவது தும்மினால், ஏன், ஜலதோஷமா என்று மேலே இருந்தே கேட்கலாம். அவ்வளவு மெல்லிய தரை.

அவன் மனைவி முட்டைக் கிடங்கில் வேலை செய்கிறாள். இருட்டறையில் ஒரு விளக்குப் பெட்டி இருக்கும். அதிலுள்ள துளையில் முட்டையை ஒவ்வொன்றாக வைத்து, உள்ளே வெளிச்சம் பாய்வதைப் பார்த்து, விரிசல் விட்டது, ரத்தப் புள்ளி விழுந்தது, கெட்டது என்று பிரித்துப் போட வேண்டும். நாளெல்லாம் அதே வேலை. சாயங்காலம் வெளியே வரும்போது வெயில் கூசி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்து வருவாள். பேச்சு குறைவு. என்னை அண்ணே என்பாள். புருஷன் பேசுகிற பேச்சுக்கு அவள் பேசாததும் சேர்ந்து சரியாகிவிடும் என்று என் வீட்டுக்காரி சொல்வாள்.

அவர்களுக்கு ஒரே பையன். பொடியன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எனக்கு அவன் வைத்த பெயர் சீட் மாமா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் கடைக்குள் புகுந்து, வெட்டிப்போட்ட ஸ்பாஞ்சுத் துண்டுகளை அடுக்கி வீடு கட்டுவான். அவனுக்கு ஐந்து முடிந்த சமயத்தில்தான் இந்தக் கதை ஆரம்பித்தது.

ஒன்றுக்குப் போகும்போது முன்தோல் உப்பிக்கொள்கிறது, பிறகு சொட்டுச் சொட்டாக வடிகிறது என்று கவனித்தவள் அம்மாதான். அடுத்த நாளே அரை நாள் லீவு போட்டுக் குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிப் போனாள். அந்த டாக்டரம்மா பதறவில்லை. இந்த வயதில் தோல் பின்னால் போகாமல் இருப்பது சகஜம், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், இழுத்துப் பார்க்க வேண்டாம், ஒரு களிம்பு தருகிறேன், குளித்ததும் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை, கொஞ்சமாகத் தடவுங்கள், ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். திரும்பி வந்தவள் என் வீட்டுக்காரியிடம் அதை அப்படியே ஒப்பித்தாள். மனதிலிருந்து பெரிய பாரம் இறங்கினது போல அன்று இரண்டு டம்ளர் டீ குடித்தாள்.

ஒரு வாரம் அவளே மருந்து போட்டாள். அதற்குள் வேறு ஊரில் இருக்கும் அவளுடைய அக்கா மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அக்காவுக்கு வேறு நாதி இல்லை. பையனுக்குப் பள்ளிக்கூடம். புருஷனிடம் பையனையும் களிம்பையும் ஒப்படைத்துவிட்டுப் பஸ் ஏறினாள். புறப்படும்போது பை தூக்க வந்த என் எதிரிலேயே அவனுக்கு மூன்று முறை சொன்னாள். "ரெண்டு வேளை. கையைக் கழுவிட்டுப் போடுங்க. மறந்துடாதீங்க."

"நான் என்ன சின்னப் பிள்ளையா? போம்மா, பாத்துக்கறேன்" என்றான் மழை.

தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் அவள் ஃபோன் செய்வாள். பையன் சாப்பிட்டானா, பாடம் எழுதினானா என்பதெல்லாம் முடிந்தபின் கடைசியில் அது வரும். மேலே எங்களுக்கு அவளுடைய கேள்வி கேட்காது, இவனுடைய பதில் கேட்கும். போட்டாச்சு, போட்டாச்சு. சில நாள் ஃபோன் பையனிடம் போகும். அவனும், போட்டாச்சும்மா என்பான். நல்ல அப்பன், நல்ல பிள்ளை என்று என் வீட்டுக்காரி என்னைக் குத்திக் காட்டுவாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆனாலும் குத்துவாள்.

அவள் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு வாரமாக விடாத மழை. ஷெட்டில் ஈ காக்கை இல்லை. மழை என் கடைக்கு வந்தான், ஆனால் வாயைத் திறக்கவில்லை. என்னடா என்றால், பையன் ஒன்றுக்குப் போகும்போது அழுகிறான், அந்த இடம் சிவந்து வீங்கியிருக்கிறது என்றான். குழந்தைகள் டாக்டரிடம் போ என்றேன். அந்தம்மா மருந்துதான் கேட்கவில்லையே, இனிமேல் அங்கே போய் என்ன செய்வது என்றான். அவனிடம் வாராவாரம் கார் கழுவ வருகிற வெள்ளைக் கார் டாக்டர் ஒருவர் இருந்தார். அறுவை டாக்டர். கழுவின காரை விரலால் தொட்டுப் பார்த்து, உன் கை பட்டா வண்டி புதுசாயிடுதுய்யா என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக மழை அந்தக் காரின் சக்கரத்துக்கடியில் படுத்துத் தேய்ப்பான். அவரிடம் காட்டப்போவதாகச் சொன்னான்.

முதல் நாள் காட்டினான். இரண்டு நாள் கழித்து மறுபடி கூட்டிப்போனான். அந்தக் காலையில் பையன் என் கடை வாசலில் நின்று, டாக்டர் சும்மா பார்ப்பார், பார்த்து முடித்ததும் அவர் காரில் ஒரு ரவுண்டு போகப்போகிறோம் என்று சொன்னான். முகமெல்லாம் பல். நான் டீக்கு வாங்கின பன்னில் பாதியை நீட்டினேன். வேண்டாம் மாமா, கார்ல போறப்போ வாந்தி வரும்னு அப்பா ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னுட்டாரு என்றான். வெறும் வயிற்றோடு எதற்குக் கூட்டிப்போகிறார்கள் என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அவன் சொன்ன விதத்தில் சந்தேகப்படத் தோன்றவில்லை.

மத்தியானம் அப்பன் தோளில் பையன் திரும்பி வந்தான். இடுப்புக்குக் கீழே ஒரு துண்டைச் சுற்றியிருந்தார்கள். மயக்க மருந்தின் தள்ளாட்டம் இன்னும் கண்ணில் இருந்தது. நான் கிட்டே போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என்னைப் பார்த்தான், பேசவில்லை. தோலை எடுத்தாச்சு, தொல்லை விட்டது என்று மழைதான் பேசினான்.

மனைவிக்கு அன்று சாயங்காலம்தான் ஃபோனில் சொன்னான். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். கீழே நடந்த சண்டை முழுக்க எங்களுக்குக் கேட்டது. என்னைக் கேட்காமல் எப்படி வெட்டலாம் என்று அவள். மருந்து கேட்கவில்லை, புண்ணும் வந்துவிட்டது, டாக்டர் சொன்னபிறகு நான் யார் என்று அவன். மருந்து கேட்கவில்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னான். கடைசியில் அவள் குரல் இறங்கியது. பிறகு அழுகை கேட்டது.

அதற்கப்புறம் அவள் சண்டை போடவில்லை. தன்னையே நோண்டிக்கொள்ள ஆரம்பித்தாள். முதல் வாரம் நான்தான் சரியாகப் போடவில்லையோ, கொஞ்சமாக என்றதை ரொம்பக் கொஞ்சமாகத் தடவிவிட்டேனோ, முட்டை எடுத்து எடுத்துக் காய்த்துப்போன கை, மருந்து இறங்கவில்லையோ என்று என் வீட்டுக்காரியிடம் எத்தனை முறை கேட்டிருப்பாள் என்று கணக்கில்லை. புருஷனிடமும் கேட்பாள். விடும்மா, நடந்தது நடந்துபோச்சு என்று பெருந்தன்மையாகச் சொல்வான் அவன். இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புண் ஆறியது. நுனியில் மட்டும் கொஞ்ச நாள் பொருக்கு தட்டி, விழுந்து, மறுபடி தட்டியது. அதுவும் போனது. சில மாதங்கள் கழிந்தன. ஒரு நாள் மழை வாயெல்லாம் பல்லாக என் கடைக்கு ஓடி வந்தான்.

"அண்ணே, வந்து பாருங்க. பையன் ஒண்ணுக்கு அடிச்சா எவ்வளவு தூரம் போகுது தெரியுமா. முன்னெல்லாம் சொட்டுச் சொட்டா வடியும். இப்ப நம்ம கன் மாதிரி, நூல் பிடிச்சாப்ல, எகிறிப் போயி சுவத்துல அடிக்குது. என்னா பிரஷர்ங்கறீங்க."

"இதுக்கெல்லாம் ஒருத்தன் பெருமைப்படுவானா?" என்று சிரித்தேன்.

"பெருமைதாண்ணே. எல்லாரும் என்னைத் திட்டினாங்கல்ல. இப்பச் சொல்லச் சொல்லுங்க."

அன்று வந்த வண்டிக்காரர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தான். அவனுக்குப் பாவம், தண்ணீர் என்றால் வேகம்தான் கணக்கு. மெல்லிசாக, தூரமாக, பலமாகப் போனால் நல்ல கன். அந்தக் கன்னின் வாயைச் சின்னதாக்கினால்தான் அந்த வேகம் வரும், பின்னால் பம்பு முக்கி முனகும் என்பது அவனுக்குத் தெரியாத விஷயமா. தினமும் அவன் கையில் அவன் திருகுகிற விஷயம். பெற்ற பிள்ளையிடம் பார்த்தபோது மட்டும் அது அவன் புத்தியில் ஏறவில்லை.

வெயில் காலம் வந்தது. ஷெட்டின் தகரக்கூரை மத்தியானத்தில் படபடவென்று சத்தம் போடும். தார் ரோடு இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கும். நான் ஒரு நாளைக்கு ஒரு குடம் தண்ணீர் குடித்தேன். அந்த வெயிலில் பொடியனின் தண்ணீர் பாட்டில் பள்ளிக்கூடத்திலிருந்து நிரப்பினபடியே திரும்பி வந்தது. குடிக்கவில்லையா என்றால், தாகமில்லை என்றான். தர்ப்பூசணி வெட்டிக் கொடுத்தால் ஒரு வில்லையைக் கடித்துவிட்டு வைத்தான். உதடு வெடித்திருந்தது. பையன் பாத்ரூம் போனால் வருவதே இல்லை, பாதி வகுப்பு அங்கேயே போகிறது என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். அம்மா கேட்டால், விளையாடிட்டிருந்தேன் என்பான். சேட்டை அதிகமாகிவிட்டது என்று அப்பன் அதட்டினான்.

ஒரு நாள் சாயங்காலம் அவன் என் கடையில் ஸ்பாஞ்சு வீடு கட்டிக்கொண்டிருந்தவன், எழுந்து பின்பக்கச் சாக்கடை ஓரம் போனான். நான் ஊசி நூல் கோத்து, ஒரு முழு சீட்டின் ஓரம் தைத்து முடித்தும் ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தேன். சாக்கடைக்கு வெகு தள்ளி நின்றுகொண்டு, கண்ணை இறுக மூடி, சுவரை ஒரு கையால் பிடித்தபடி இருந்தான்.  திரும்பி வந்ததும் பக்கத்தில் உட்காரவைத்து, வலிக்கிறதா என்று கேட்டேன்.

"இல்ல."

"சட்டையெல்லாம் வேர்த்திருக்கே."

கொஞ்ச நேரம் ஸ்பாஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தான். "மாமா, யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே?"

"ஏன், சொன்னா என்ன?"

"போன தடவை வலிக்குதுன்னு நான்தான் அப்பாகிட்ட சொன்னேன். அதான் வெட்டிட்டாங்க. மறுபடி சொன்னா மறுபடி வெட்டுவாங்க. தண்ணி குடிக்கலேன்னா ரொம்ப வராது. அப்ப அவ்வளவா எரியாது."

ஆறு வயதுப் பிள்ளை. தனியாகவே யோசித்து, தனக்குத்தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தான். நான் சொல்ல மாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அம்மாகிட்ட மட்டும் சொல்லப் போறேன், நீயும் கூட வா என்றேன். அழுதான். ஆனாலும் கூட வந்தான்.

அவள் கேட்டு முடித்து, பையனை மடியில் இழுத்துக்கொண்டாள். பிறகு, அண்ணே, உங்க வண்டி நாளைக்கு வேணும் என்றாள். அந்த வெள்ளைக் கார் டாக்டரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று தீர்மானம் செய்திருந்தாள்.

நான் வேனில் அவர்களைக் கூட்டிப்போனேன். மழை ஸ்கூட்டரில் முன்னாலேயே வந்து வாசலில் நின்றான். இன்னைக்குப் பார்க்க மட்டும்தான், யாராவது கத்தியை எடுத்தால் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிடுவேன் என்று அம்மா வழியெல்லாம் சொல்லியும் பையன் என் சட்டை நுனியை விடவில்லை. அதனால் நானும் உள்ளே போக வேண்டியதாயிற்று. சுவரில் ஓடுகிற முயல்கள் படம் ஒட்டியிருந்த அறை. ஏசி குளிரில் மழையின் நனைந்த கால்சட்டையிலிருந்து வண்டி சோப்பு வாசனை வந்தது.

டாக்டர் பையனைத் தொடவில்லை. பக்கத்துக் கழிப்பறையில் ஒன்றுக்குப் போகச் சொல்லி, கதவருகே நின்று பார்த்தார். வந்து உட்கார்ந்து பேசினார். தோலை எடுத்த பையன்களில் சில பேருக்கு இப்படி ஆவதுண்டு என்றார். அதுவரை மூடியிருந்த நுனி துணியில் உரசி உரசிப் புண்ணாகும், ஆறும்போது துவாரத்தின் ஓரம் ஒட்டிக்கொண்டு சுருங்கிவிடும், அதனால்தான் மெல்லிசாக, வேகமாக, மேல்பக்கமாகப் பாய்கிறது, சிறுநீர்ப்பை முக்கித் தள்ள வேண்டியிருக்கிறது. மரத்துப்போக மருந்து கொடுத்து அந்தத் துவாரத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டால் போதும், அநேகமாக எல்லோருக்கும் அதோடு சரியாகிவிடும். சின்ன வேலைதான் என்றார்.

"அப்பவும் சின்ன வேலைன்னுதானே சொன்னீங்க. இப்படி ஆகலாம்னு சொன்னீங்களா?" என்றாள்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே."

மழை தரையைப் பார்த்துக்கொண்டு, என்னவோ சொன்னாரு, எனக்கு அப்ப காதுல ஏறல என்றான்.

"குழந்தைங்க டாக்டர் தானா சரியாகும்னாங்க. நீங்க எதுக்கு வெட்டினீங்க? வெட்டினாதானே உங்களுக்கு வேலை."

இந்த மாதிரிப் பேச்சு அவர் நிறையக் கேட்டிருப்பார் போல. குரலை உயர்த்தவில்லை. "நான் பார்த்திருந்தாலும் முதல்ல களிம்புதாம்மா கொடுத்திருப்பேன். ஆறு வாரம், ரெண்டு வேளை, ஒரு நாள் விடாம போட்டும் இம்மிகூட அசையலன்னு இவர்தான் சொன்னாரு. புண்ணும் வந்திருந்துச்சு. அதுக்குமேல எடுத்துடறதுதான் முறை. ஒழுங்கா போட்டா முக்கால்வாசிப் பசங்களுக்கு வழி விட்டுடும். உங்க பையனுக்கு ஏன் கேக்கலன்னு எனக்கே ஆச்சரியம்தான்."

அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் அந்த ஒரு வாரத்துக்குப் போகிறாள், தன்னைத்தான் நோண்டப்போகிறாள் என்று நினைத்தேன். என்ன தோன்றியதோ, நிமிர்ந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் அப்போதும் தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எந்நேரமும் லொடலொடவென்று பேசுகிறவன். தன் பக்கம் நியாயம் கிடைக்கிற இடத்தில் வாயே திறக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு பையன் பக்கம் குனிந்தாள். "கண்ணு, நான் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன்ல. அப்ப அப்பா உனக்கு மருந்து போட்டு விட்டாரா?"

பையன் அப்பாவைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னான்.

"போட்டாச்சுன்னுதான் சொல்லணும்."

"சொல்லணும்னு யார் சொன்னா?"

"அப்பா. நீ ஃபோன்ல கேட்டா அப்படித்தான் சொல்லணும். இல்லேன்னா நீ அங்க அழுவியாம்."

 டாக்டர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், எழுத ஒன்றுமில்லாமல் மூடினார். அவள்தான் முதலில் எழுந்தாள். போகிற போக்கில் அவரிடம் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"இவன் இங்கதானே டாக்டர் உக்காந்திருந்தான், அன்னைக்கும். இவனை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பானே."

அவர் தலையை ஆட்டினார். அதற்கு மேல் அவராலும் என்ன செய்ய முடியும்.

வீடு திரும்பி, நேராகக் கிடங்குக்கு வேலைக்குப் போய்விட்டாள். நான் ஷெட்டுக்குப் போனேன். மழை காலையில் கழுவி முடித்த ஒரு லாரியையே மறுபடி நுரை போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். மோட்டாரை நானே அணைத்தேன். ஏன்டா இப்படிச் செய்தாய் என்றேன்.

"கை வரலண்ணே."

"என்னடா கை வரல? களிம்பு தடவுறதுக்கு என்ன கை வரணும்?"

"கூச்சமா இருந்துச்சு. அவனும் நெளிஞ்சான். எங்கப்பன் என்னை முதுகு தேய்ச்சுக்கூட விட்டதில்ல. முதல் நாள் போட உக்காந்தேன், முடியல, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டேன். மறுநாள் பாருங்க, கையெல்லாம் ஆசிட் நுரையில வெடிச்சிருந்துச்சு, பிள்ளைக்கு எரியுமோன்னு..." அவனே நிறுத்திக்கொண்டான். "அதெல்லாம் சாக்குண்ணே. அவ கேட்டா. போட்டாச்சுன்னுட்டேன். ஒரு நாள் சொல்லிட்டா அப்புறம் தினமும் சொல்லித்தானே ஆகணும்."

"டாக்டர்கிட்டயாவது நிஜத்தைச் சொல்லியிருக்கலாம்ல."

"அவரு என்னைப் பெருசா நினைச்சிட்டிருந்தாரு" என்றான்.

எனக்கு அவனை அறையத் தோன்றியது. அறையவில்லை, அவ்வளவுதான். நல்ல வேலைக்காரன், குடிக்க மாட்டான், பிள்ளைமேல் உயிர். இத்தனையும் இருந்து என்ன பிரயோசனம். ஒரு கூச்சத்தை மறைக்க ஒரு பொய், அந்தப் பொய்யைக் காப்பாற்றப் பிள்ளையின் உடம்பு. இதை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். ஆமாண்ணே என்றான். அந்த ஆமாவைக் கேட்டு இன்னும் எரிச்சல் வந்தது.

அன்று சாயங்காலம் அவள் எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். அவன் மாடி ஏறி வந்து வாசலில் நின்று, தப்புதான், தப்புதான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் அவள் பேசினாள்.

"வெட்டினதைக்கூட விடுங்க. நான் சரியா போடலியோ, என்னாலதான் பிள்ளைக்கு இப்படி ஆயிடுச்சோன்னு இத்தனை மாசமா இந்தக் கையைத் திட்டிட்டிருந்தேன். அழுதேன். பக்கத்துல படுத்துக்கிட்டு அதையெல்லாம் கேட்டுட்டுத்தானே இருந்தீங்க. விடும்மான்னு தேத்தினீங்களே. அதை எப்படிங்க உங்களால முடிஞ்சுது?"

 என் வீட்டுக்காரி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த டீயை இறக்க மறந்து, அது வற்றித் தீய்ந்த வாசனை வந்தது.

அந்தச் சின்ன வேலை நல்லபடியாகவே முடிந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேறு டாக்டரிடம்தான் செய்தார்கள், அந்தக் குழந்தைகள் டாக்டரம்மா அனுப்பிய இடத்தில். பையன் இப்போது தண்ணீர் குடிக்கிறான், பள்ளிக்கூடப் பாத்ரூமில் மற்ற பிள்ளைகளைப் போலப் போய்விட்டு வருகிறான். டாக்டர்கள் கணக்கில் எல்லாம் சரி. ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின நாள் சாயங்காலத்தை.

நாளைக்கு என்ன நடக்கப்போகிறது என்பதைப் பையனிடம் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும், அதையும் அப்பன்தான் சொல்லியாக வேண்டும் என்று அவள் எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பயந்து வர மாட்டேன் என்றால் என்று என் வீட்டுக்காரி இழுத்தாள். வர மாட்டேன்னா வேற நாள் போவோம், ஏமாத்திக் கூட்டிட்டுப் போக மாட்டேன் என்றாள் அவள். நீங்களும் வந்து உட்காருங்கள் அண்ணே என்று என்னையும் கூப்பிட்டாள்.

கீழே அவர்கள் வீட்டு முன்னறை. பையன் பாயில் உட்கார்ந்து அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தான். மழை அவனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அன்று சீக்கிரமே ஷெட்டை மூடிவிட்டு, துவட்டிக்கொண்டு, காய்ந்த சட்டை போட்டிருந்தான். அவனைக் காய்ந்த சட்டையில் பார்க்க யாரோ போல இருந்தது.

அவன் எதையும் பூசி மெழுகவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். அன்னைக்கு அப்பா பொய் சொல்லி உன்னைக் கூட்டிட்டுப் போனேன், மருந்து போடாமலே போட்டேன்னும் சொன்னேன், ரெண்டும் தப்பு என்றான். நாளைக்கு டாக்டர் என்ன செய்வார் என்பதைப் படிப்படியாகச் சொன்னான். மரத்துப்போக மருந்து வைப்பார்கள். மூத்திரம் வருகிற துவாரத்தைக் கொஞ்சம் பெரிதாக்குவார்கள். அப்போது வலிக்காது, ஆனால் அப்புறம் சில நாள் ஒன்றுக்குப் போகும்போது எரியும், அதற்கப்புறம் எரியாது. வேறு எங்கேயும் வெட்ட மாட்டார்கள். அம்மா முழு நேரமும் பக்கத்தில் இருப்பாள். சொல்லச் சொல்ல அவனுக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னான்.

பையன் முட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டான். அழவில்லை. பிறகு அம்மா பக்கம் திரும்பினான்.

"அப்பா சொல்றது நிஜமா?"

அவள் புருஷனிடம் பேசுவதையே நிறுத்தியிருந்தாள். அவன் பக்கம் பார்க்காமல், பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு, "நிஜம்தான் கண்ணு. இந்தத் தடவை எல்லாமே நிஜம்" என்றாள்.

பையன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வம்புக்குக் கேட்கிற முகம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்? உன்னையும்தானே அப்பா ஏமாத்தினாரு."